என் கையில் பிரஷர் பழகியவள்

இதை வாசிக்கிறவர்கள் என்னைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். கோடு போட்ட கொப்பியில் எழுதினாலும் என் எழுத்து கோட்டை விட்டு இறங்கிவிடும். மறதியும் சேர்ந்துகொண்டது. அடுப்பில் எதை வைத்தேன் என்பதையே மூடியைத் திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். அதனால் நாள், கிழமை எல்லாம் முன்பின்னாக இருக்கலாம். அதில் என் பிழை எது என்பது மட்டும் எனக்கு மறக்கவில்லை.

என் தம்பி மகள் நர்ஸாகிற தாதிப் படிப்பில் பட்டம் முடித்து, முதல் வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்குத் தயாரான நாட்களைப் பற்றி எழுதுகிறேன். தம்பி இன்னும் ஹேவாஹெட்டப் பக்கம் தோட்டத்தில்தான் இருக்கிறான். நான் கண்டி டவுனில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்து வயதாகி, இப்போது கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு மேட்டுப் பாதையில் இரண்டு அறை வீட்டில் இருக்கிறேன். பாதை முனையில் உள்ள கடைக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கிறேன். கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியிலிருந்து நேர்முகத்துக்கு வரச் சொல்லித் தகவல் வந்ததும், தோட்டத்திலிருந்து அன்றைக்கு பஸ் பிடித்து நேரத்துக்கு வர முடியாது என்று, பன்னிரண்டு நாட்களுக்கு முன்பே என்னிடம் வந்துவிட்டாள்.

ஒரு பை உடுப்பு, இரண்டு பை புத்தகம். புத்தகங்களின் மேல் ஒரு கறுப்பு உறை. அதற்குள் பிரஷர் பார்க்கிற கருவி. கையில் சுற்றுகிற துணிப்பட்டி, அமுக்குகிற ரப்பர் பந்து, மணிக்கூடு மாதிரி ஒரு முகம், காதில் மாட்டுகிற குழல். கூடப் படித்த பிள்ளை ஒருத்தியிடம் இரவல் வாங்கியதாம்.

நேர்முகத்தில் மூன்று காரியம் இருக்குமென்று சொன்னாள். இங்கிலீஷிலும் சிங்களத்திலும் கேள்வி கேட்பார்கள். கட்டில் விரிக்கச் சொல்வார்கள். பிறகு அவர்கள் கண் முன்னால் ஒரு ஆளுக்குக் கைக் கருவியால் பிரஷர் பார்க்கச் சொல்வார்கள். முதல் இரண்டுக்கும் அவள் அவ்வளவு பயப்படவில்லை. மூன்றாவதுதான் அவளுக்கு நெஞ்சிடி. படிக்கிற காலத்தில் பரீட்சகர் ஒருவர் பக்கத்தில் நிற்கும்போது, குழலில் வருகிற சத்தத்துக்கும் தன் நெஞ்சு அடிக்கிற சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் தடுமாறியிருக்கிறாள்.

வந்த அன்றைக்குப் பின்னேரமே என்னைக் கதிரையில் உட்கார வைத்தாள்.

"அத்தை, உங்களுக்குப் பிரஷர் இருக்கில்ல?"

"இருக்கு. ஏன்?"

"அப்ப நீங்கதான் என் பேஷன்ட். பன்னெண்டு நாளைக்கு."

"சம்பளம் உண்டா?"

"ஓம். வேலை கெடைச்சா ஒரு சேலை."

"இந்த 'ஓம்' என்னத்துக்கு? நாலு வருஷம் வடக்குல படிச்சிட்டு வந்து எங்கிட்டயும் ஓமுங்கிற."

"ஓம்," என்றாள் மறுபடியும், வேண்டுமென்றே.

பட்டியைச் சுற்றிக்கொண்டே கேட்டாள். "கடைசியா கிளினிக்குல எவ்வளவு இருந்திச்சு?"

"நூத்தி முப்பதுக்கு எம்பது."

"குளிசை ஒழுங்காப் போடுறீங்கதானே?"

"போடுறேன்."

இங்கேதான் என் பிழை. நூற்று முப்பது என்று நான் சொன்னது உண்மை. ஆனால் அது நான்கு மாதத்துக்கு முந்தின கணக்கு. அதற்குப் பிறகு நான் கிளினிக் பக்கமே போகவில்லை. குளிசை, அந்தப் பிரஷர் மாத்திரை, அதுவும் முடிந்து போயிருந்தது.

ஏன் போகவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். ஒரு கல்யாண வீட்டுக்கு இடியப்பம் கேட்டார்கள் என்று என் திகதியை விட்டுவிட்டேன். அடுத்த கிழமை போனேன். அங்கே இருந்த நர்ஸ் மிஸ் என் கிளினிக் கொப்பியைப் பார்த்துவிட்டு, "நெனைச்ச நாளைக்கு வந்து போக இது என்ன கடையா?" என்று சிங்களத்தில் உரக்கக் கேட்டுவிட்டார். குளிசை தராமல் விடவில்லை. தந்தார்கள். ஆனால் வாங்குப் பலகைகள் நிறைய உட்கார்ந்திருந்த சனம் திரும்பிப் பார்த்தது. நான் அப்படிப் பார்க்கப்பட்டுப் பழகாதவள். வீட்டுக்கு வந்து அந்தக் குளிசையைப் போட்டு முடித்தேன். அடுத்த திகதி வந்தபோது காலையில் சேலையும் கட்டிவிட்டேன். கால் போகவில்லை. அதற்கு அடுத்ததும் அப்படியே.

இதை அவளிடம் சொல்லாமல் "போடுறேன்" என்று ஏன் சொன்னேன்? எங்கள் ஆட்களைத் தெரிந்தவர்களுக்கு அது புரியும். மலையில் கங்காணி கேட்டாலும், டிஸ்பென்சரியில் ஐயா கேட்டாலும், எந்தப் பதிலைச் சொன்னால் அடுத்த கேள்வி வராதோ அந்தப் பதிலைச் சொல்லித்தான் நாங்கள் வளர்ந்தோம். "மருந்து குடிச்சியா?" "குடிச்சேங்க." போத்தல் அப்படியே வீட்டுக் காம்பராவில் இருக்கும். யாரையும் ஏமாற்ற அல்ல. கேட்கிறவர் முன்னால் நிற்கிற நேரத்தைக் குறைக்கத்தான். அந்தப் பழக்கம் வாயிலேயே ஊறிவிட்டது. சொந்தத் தம்பி மகள் கேட்டபோதும் வாய் தானாகச் சொன்னது.

அவள் பந்தை அமுக்கினாள். பட்டி என் கையை இறுக்கியது. காற்றை மெல்ல மெல்ல விட்டு, கண்ணைக் கருவியின் முகத்தில் வைத்து, குழலில் வருகிற சத்தத்தைக் கேட்டாள். பிறகு குழலைக் காதிலிருந்து எடுத்தாள்.

"நூத்தி எம்பதுக்கு நூறு வருது."

எனக்குள் திடுக்கென்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்தாள்.

"நான் எங்கயோ பிழை விடுறேன். மறுபடி பாப்போம்."

மறுபடி பார்த்தாள். மற்றக் கையிலும் பார்த்தாள். ஏறக்குறைய அதேதான் வந்தது. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. அவளோ புத்தகத்தைத் திறந்துவிட்டாள். நாளைக்குச் சொல்வோம் என்று நான் அரிசி களையப் போய்விட்டேன்.

அடுத்த நாட்களில் அவள் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டே வந்தாள். பார்க்கிறதுக்கு முன்னால் ஐந்து நிமிடம் என்னைச் சும்மா உட்காரச் சொன்னாள். காலைக் குறுக்கே போடக்கூடாது. கதைக்கக்கூடாது. கையை மேசையில் நெஞ்சு உயரத்துக்கு வைக்க வேண்டும். அதற்கு என் இடியப்பத் தட்டுகளை அடுக்கி மேலே துண்டு விரித்தாள். முதலில் பாத்ரூம் போய்விட்டு வரச் சொன்னாள். எல்லாம் செய்தேன். கருவியின் முள் மட்டும் அதே இடத்துக்குத்தான் போனது.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, என் சாப்பாட்டின் மேல் சந்தேகம் வந்தது அவளுக்கு. கருவாட்டை எடுத்து ஒளித்தாள். தேசிக்காய் ஊறுகாயை அலுமாரிக்கு மேலே ஏற்றினாள். எனக்கு எட்டாது. அன்றிலிருந்து சமையல் அவள் கையில். உப்பில்லாத பருப்பு, உப்பில்லாத தேங்காய்ச் சம்பல். தின்றேன். வாயைத் திறக்காமல் தின்றேன். பொய் சொன்ன வாய்க்கு இது போதாது என்று நினைத்துக்கொண்டேன்.

மற்ற இரண்டு காரியமும் ஒரு பக்கம் நடந்தது. என் கட்டிலில் துணி விரித்து விரித்துப் பழகினாள். மூலையை மடித்து மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகிவிடுவாள். சுருக்கம் ஒன்று இருக்காது. படுக்கப் போனால் காலை உள்ளே விட வழி இருக்காது.

"இதுக்குள்ள போட்டு ஒட்டி அனுப்ப நான் என்ன கடுதாசியா?" என்று கேட்டேன்.

"பேஷன்ட் கதைக்கக்கூடாது."

சிங்களத்தில் பதில் சொல்வதை அலுமாரிக் கண்ணாடி முன்னால் நின்று பழகினாள். ஒரு நாள் அவள் திக்கினபோது நான் சமையலறையிலிருந்தே ஒரு வசனத்தை எடுத்துக் கொடுத்தேன். அத்தனை வருடம் சிங்கள வீட்டில், எஜமானி நோனாவிடம் இருந்தவள்தானே. அவள் சிரித்துவிட்டாள்.

"அத்தை, அது நோனாகிட்ட தேங்காய் கேக்குற சிங்களம். அங்க போய் அப்படிக் கதைச்சா சமையல் அறைக்கு அனுப்பிருவாங்க."

கொஞ்சம் சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னதில் பிழையில்லை. பிறகு அவளே வந்து, "கோவமா?" என்று என் தோளில் முகவாயை வைத்தாள். கோபமில்லை என்றேன். அது நிஜமாகவே உண்மை.

பக்கத்து வீட்டில் அலவத்துகொடயிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள். தையல் வேலை செய்கிறவள். பாதை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சிரிப்பாள். 'சொல்லுது' என்பது அவள் வாயில் 'செல்லுது', 'இருக்கு' என்பது 'ஈக்கி'. அவளைக் கூப்பிட்டு ஒரு நாள் கதிரையில் உட்கார வைத்தாள் இவள்.

"பாருங்கோ, நல்லாப் பாருங்கோ. எங்கட வீட்டு ஆளு எனக்குப் பிரஷரே இல்லேன்னுதான் செல்லுது. எல்லாம் தனக்குத்தானாம்."

பார்த்தாள். நூற்று இருபதுக்கு எண்பது. சரியான கணக்கு.

"அப்ப சரிதானே!" என்றாள் தையல்காரத் தங்கச்சி. "ஒங்கட கருவியில பிழை இல்ல. அக்காக்குத்தான் என்னமோ ஈக்கி."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் தட்டுகளை அடுக்கினேன்.

தம்பி மகள் ஒத்துக்கொள்ளவில்லை. "உங்களுக்கு உண்மையில எவ்வளவுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் பிழையாப் பாத்திருந்தாலும் தெரியாது. அத்தைக்குத்தான் கிளினிக் கணக்கு இருக்கு. குளிசை போடுற ஆளு. அவங்களுக்குச் சரியா வந்தாதான் என் கை சரி."

என் வாய்ப் பேச்சையே அவள் அளவாக வைத்துக்கொண்டாள். கொப்பியைக் காட்டுங்கள் என்று கேட்கவில்லை. சொந்த அத்தையிடம் யார் அப்படிக் கேட்பார்கள்?

நேர்முகத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒரு மத்தியானம் அவள் முகம் மலர்ந்தது.

"அத்தை! நூத்தி நாப்பதுக்கு எம்பத்தஞ்சு!"

என்னை எழுப்பி நிறுத்திக் கட்டிப் பிடித்தாள். எனக்குத்தான் நம்ப முடியவில்லை. குளிசை இல்லாமல் எப்படி இறங்கும்? உப்பைக் குறைத்ததிலா? அப்படியும் இருக்கலாம் என்று மனதைத் தேற்றினேன். அவள் மறுபடி பட்டியைச் சுற்றினாள். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் கேட்டாள். பிறகு குழலைக் கழுத்தில் தொங்கவிட்டுவிட்டுப் பட்டியைக் கழற்றினாள்.

"என்னம்மா?"

"நூத்தி எம்பதேதான். முந்தி நான் கேட்டது சத்தம் இல்ல அத்தை. வரணும் வரணும்னு நெனைச்சு, வராததைக் கேட்டுட்டேன்."

இதை அவள் மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் எனக்கு அது மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் பட்டது. இவ்வளவு நாளும் ஒரு வேலை போய்விடுமே என்றுதான் பயந்தேன். இப்போது வேறு பயம் வந்தது. காது கேட்பதை நம்பாமல், ஆட்கள் சொல்வதற்கு ஏற்ற மாதிரிக் கேட்கப் பழகிவிட்டால் இவள் என்ன நர்ஸ்? அந்தப் பழக்கத்தை என் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்து நானே அவளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குப் பொழுது சாய்கிறபோது முற்றத்தில் நின்று தகப்பனோடு போனில் கதைத்தாள். கதவுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

"நான் போகல்லப்பா. பிரஷர்கூட ஒழுங்காப் பாக்கத் தெரியல. ஆளுக முன்னால போய் அவமானப்படவா? அங்க டவுன்ல பாமசில மருந்து குடுக்க ஆள் கேட்டாங்கதானே... அங்கயே வந்துர்றேன்."

இஸ்திரி போட்டு மினுக்கி வைத்திருந்த சேலை கட்டிலில் அப்படியே கிடந்தது. சான்றிதழ்களும் அவற்றின் போட்டோ கொப்பியும் போட்ட நீல ஃபைல் மேசையில். அவள் அதை எடுத்துப் பைக்குள் வைக்கவும் இல்லை, திறக்கவும் இல்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. விடிகிற நேரம். இடியப்பத்துக்குத் தண்ணீர் கொதிக்க வைத்துவிட்டு, பிஸ்கட் டின்னைத் திறந்து என் கிளினிக் கொப்பியை எடுத்தேன். கடைசித் திகதி உள்ள பக்கத்தை விரித்து நீல ஃபைலின் மேல் வைத்தேன். அந்தப் பக்கத்துக்குள் வெறும் குளிசை உறைகள் மூன்றையும் வைத்தேன். வாயால் சொல்ல எனக்கு முடியவில்லை. சமையலறைக்கு வந்து இடியப்ப உரலில் மாவைப் போட்டுப் பிழியத் தொடங்கினேன்.

நான்கைந்து தட்டு பிழிந்திருப்பேன். வாசலில் வந்து நின்றாள். கையில் கொப்பி.

"அத்தை, இந்தத் திகதிக்குப் பொறகு ஒன்னுமில்லையே. வேற கொப்பி இருக்கா?"

"இல்ல."

"அப்ப நாலு மாசம்?"

"போகல."

"குளிசை?"

"முடிஞ்சிருச்சு."

"போடுறேன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

அவள் உள்ளே வந்து தேங்காய் துருவுகிற துருவலைப் பலகையின் மேல் குந்தினாள். கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப என் கை?"

"உன் கை சரியாத்தான் சொல்லிச்சு அம்மா. மொத நாள்ல இருந்தே. பிழை நான்தான்."

ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசினாள்தான். சத்தம் போடவில்லை. "பன்னெண்டு நாளா நான் என்னையே தின்னுக்கிட்டு இருந்தேன். உப்பில்லாத சம்பலை ஒரு வார்த்தை சொல்லாமத் தின்னீங்களே, அப்பவாவது சொல்லியிருக்கலாமே," என்றாள். "என் வேலையை விடுங்க. நூத்தி எம்பதோட நாலு மாசம் அடுப்படியில நிக்கிறீங்க. விழுந்திருந்தா?" என்றாள். நான் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாண வீட்டு இடியப்பம், நர்ஸ் மிஸ் கேட்ட கேள்வி, திரும்பிப் பார்த்த சனம். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

பிறகு எழுந்தாள். "இன்னைக்குச் செவ்வாய். உங்க கிளினிக் செவ்வாய்தானே?"

"ஆமா. ஆனா நாளைக்கு உனக்கு..."

"நாளைக்குத்தானே. வெளிக்கிடுங்க."

புறப்படுங்கள் என்கிற அந்த வடக்குச் சொல்லுக்கு அன்றைக்கு நான் கேலி செய்யவில்லை.

போகுமுன் ஒரு தடவை கருவியால் பார்த்தாள். நூற்று எண்பத்திரண்டுக்கு நூறு. ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி இடுப்பில் செருகிக்கொண்டாள். இடியப்பத்தைக் கடையில் கொடுத்துவிட்டு பஸ் ஏறினோம். கிளினிக்கில் நம்பர் எடுத்து வாங்கில் உட்கார்ந்தோம். எங்களுக்கு முன்னால் நாற்பது பேருக்கு மேல் இருப்பார்கள். நாளைக்கு நேர்முகம் உள்ள பிள்ளை, என் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து, தன் குறிப்புக் கொப்பியை மடியில் விரித்து உதட்டை அசைத்துப் படித்தாள். நடுவில் எனக்கு ஒரு பணிஸ் ரொட்டியும் தண்ணீரும் வாங்கிக் கொடுத்தாள்.

எங்கள் நம்பர் வந்தபோது அதே நர்ஸ் மிஸ்தான் இருந்தார். என் கால் பின்னால் இழுத்தது. தம்பி மகள் என் முதுகில் ஒரு விரலை வைத்திருந்தாள். தள்ளவில்லை, சும்மா வைத்திருந்தாள்.

மிஸ் பட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு எண்ணைச் சொல்லிக்கொண்டே எழுதினார். நூற்று எண்பதுக்கு நூறு. நான் திரும்பி அவளைப் பார்த்தேன். இடுப்பிலிருந்த கடதாசியை எடுத்துப் பார்த்தாள். இரண்டுதான் வித்தியாசம். அவள் சிரிக்கவில்லை. ஒரு மூச்சு விட்டாள். பன்னிரண்டு நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சு என்றுதான் எனக்குத் தோன்றியது.

"நாலு மாசம் ஏன் வரல்ல?" என்று மிஸ் சிங்களத்தில் கேட்டார்.

வழக்கமான பதில் வாயில் தயாராக இருந்தது. சுகமில்லை என்று சொல்லலாம். ஊருக்குப் போனேன் என்று சொல்லலாம். அடுத்த கேள்வி வராது. ஆனால் முதுகில் அந்த விரல் இருந்தது. நோனாவிடம் தேங்காய் கேட்கிற என் சிங்களத்திலேயே சொன்னேன்.

"போன தடவை திகதி மாறி வந்ததுக்கு மிஸ் ஏசினீங்க. எல்லாரும் பாத்தாங்க. வெக்கமாப் போச்சு. அதான் வரல்ல."

மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒருவரிடம் என் வாழ்க்கையில் அப்படி நான் சொன்னதில்லை. மிஸ்ஸின் பேனை நின்றது.

"நானா? எனக்கு ஞாபகமே இல்லையே அம்மே." கொஞ்சம் யோசித்தார். "ஒரு நாளைக்கு எத்தனை பேர்! ஏசியிருப்பேன். ஏசினாலும் வரணும். எங்க வாயைப் பாத்துக்கிட்டு ஒங்க குளிசையை விடாதீங்க." பிறகு தன் கதிரைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வாங்கைக் காட்டி, டொக்டரைப் பார்க்கும் வரை அதில் உட்காரச் சொன்னார். மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

தம்பி மகளைப் பார்த்து, "இது யாரு?" என்றார். நான் சொன்னேன்.

"நாளைக்கு இன்டர்வியூவா? அப்ப இங்க என்ன செய்ற?"

"இதுவும் படிக்கிறதுதான் மிஸ்," என்றாள் அவள்.

மிஸ் சிரித்துவிட்டார். "சத்தம் போடாத சப்பாத்தா பாத்துப் போட்டுக்கிட்டுப் போ," என்றார்.

நேர்முகத்தன்று காலையில் நான் குளிசையை அவள் முன்னால் போட்டேன். அவள் சேலை கட்டினாள். ஊசி குத்தத் தையல்காரத் தங்கச்சி வந்தாள். "மாப்பிள்ளை பாக்கப் போறவளுக்குக்கூட நான் இவ்வளவு ஊசி குத்தினதில்ல," என்று சிரிக்க வைத்து அனுப்பினாள். தம்பி மகள் போன பிறகு நானும் தங்கச்சியும் படியில் உட்கார்ந்திருந்தோம். அவளுக்குத் தைக்க வேலை இருந்தது. எனக்கும் வேலை இருந்தது. இருவரும் எழும்பவில்லை.

மூன்று மணிக்கு மேட்டில் அவள் வருவது தெரிந்தது. சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு ஏறி வந்தாள். தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்.

கேள்விகளில் ஒன்றுக்கு இங்கிலீஷில் தடுமாறினாளாம். கட்டில் நன்றாக விரித்தாளாம். பிரஷர் பார்க்க, அந்த ஆஸ்பத்திரி டிரைவர் ஒருவரை உட்கார வைத்திருந்தார்கள். அவள் பார்த்தாள். நூற்று அறுபத்தைந்து வந்தது.

"பயம் வந்திச்சா?" என்று தையல்காரத் தங்கச்சி கேட்டாள்.

"வந்திச்சு. ஆனா கேட்டதை நம்பினேன். 'ஐயாவுக்குப் பிரஷர் இருக்கா?'ன்னு கேட்டேன். இருக்குன்னார். 'குளிசை போடுறீங்களா?' போடுறேன்னார்."

"சரி, பிறகு?"

"எந்த நேரம் போடுவீங்க, கடைசியா எப்ப வாங்கினீங்க, இன்னும் எத்தனை மிச்சம் இருக்குன்னு கேட்டேன். அந்த மனுஷன் சப்பாத்தைப் பாத்தார். அங்க இருந்த ஒரு டொக்டர், 'ஏன் இவ்வளவு கேக்கிறீங்க? போடுறேன்னு சொல்லிட்டாரே'ன்னார்."

"நீ என்ன சொன்ன?" என்று நான் கேட்டேன்.

அவள் என்னைப் பார்க்காமல் சேலையில் குத்தியிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். "எங்க வீட்டுல ஒரு ஆள் இருக்காங்க, அவங்களும் போடுறேன்னுதான் சொல்லுவாங்கன்னு சொன்னேன். பயந்து பொய் சொல்றவங்க இல்ல, கேக்கிறவங்களுக்குச் சிரமம் குடுக்கக் கூடாதுன்னு சொல்றவங்கன்னும் சொன்னேன்."

தையல்காரத் தங்கச்சி என் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள். "பாத்தீங்களா அக்கா, நீங்களும் இன்டர்வியூக்குப் போய்ட்டு வந்துட்டீங்க."

வெட்கம் வந்துவிட்டது எனக்கு. எழும்பி உள்ளே போய்ச் சம்பல் இடித்தேன். உப்புப் போடலாமா என்று அங்கிருந்தே கேட்டேன். "கொஞ்சம்," என்றாள்.

ஒன்றிரண்டு கிழமை கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அடுத்த மாதத் தொடக்கத்தில் வேலைக்கு வரச் சொன்னார்கள். இப்போது அவள் அங்கேதான் வேலை செய்கிறாள். என்னோடுதான் இருக்கிறாள். இரவல் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சொந்தமாக ஒன்று வாங்கியிருக்கிறாள். சேலையும் வந்தது. இளம் பச்சை. காலையில் நான் குளிசை போட்டேன் என்று சொன்னால் சரி என்று தலையாட்டிவிட்டு, உறையைத் திறந்து எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறாள். முதலில் கொஞ்சம் ரோசமாக இருந்தது. இப்போது நானே உறையை மேசையில் எடுத்து வைத்துவிடுகிறேன்.

இதில் நான் எழுதியிருக்கிற எண்கள், நாட்கள், அவள் நேர்முகத்தில் சொன்ன பதில்கள் எல்லாம் என் நினைவிலிருந்து எழுதியவை. அவள் ஓய்வாக இருக்கிற ஒரு நாளில் இதை முதலிலிருந்து வாசித்து, பிழை இருந்தால் திருத்தித் தர வேண்டும். நான்கு மாதமா, ஐந்து மாதமா என்பதையும் பார்க்க வேண்டும். என்னிடம் கேட்டால் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன் என்றுதான் நான் சொல்வேன். அதனால் என்னிடம் கேட்க வேண்டாம். கொப்பி பிஸ்கட் டின்னில் இருக்கிறது.